கருப்பன் பாவாடை

முப்பது வருஷமாக மனு எழுதுகிறேன். என் எழுத்தில் குறை சொன்னவன் எவனும் கிடையாது. தாலுக்கா ஆபீஸ் வாசல் புங்க மரத்தடியில் ஆதிநாராயணன் எங்கே என்று கேட்டால் டீக்கடைக்காரரே கை காட்டுவார். பாவாடை வந்து உட்காரும்வரை அந்த மிதப்பில்தான் இருந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, மனைவி நீலாவதியோடு ஊருக்குத் திரும்பியவர். செராமிக் பேட்டைக்குப் பின்னால் அவர் அப்பா கருப்பனுக்கு அரசாங்கம் கொடுத்த மூணு சென்ட் மனை இருந்தது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மனையைத் தன் பேருக்கு மாற்றி வீடு கட்டிக்கொள்ள அனுமதி வேண்டும். ஒரே பிள்ளை, இதில் என்ன சிக்கல் என்று மிலிட்டரி காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பேர் கருப்பன் என்று இருந்தது.

"அது உங்கப்பா பேராச்சே?"

"மொத பேரத்தான் பேருன்னு எடுத்துக்கிட்டாங்கண்ணே. ஆதாரு, பென்ஷன் எல்லாத்துலயும் அதான் ஏறிருக்குது."

அப்பன் பேரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வது நம் வழக்கம். கே. பாவாடை. எவனோ அதை விரித்துக் 'கருப்பன் பாவாடை' என்று எழுதித் தொலைத்திருக்கிறான்.

"எந்தக் கேணப்பய எழுதுனது?" என்று கத்தினேன். பாவாடை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு தடவை மனு திரும்பி வந்தது. மூன்றாவதாக நேரில் கூப்பிட்டார்கள். வாரிசு யாரென்று அன்றைக்கு முடிவாகாவிட்டால் மனை அரசாங்கத்துக்கே போய்விடும்.

"பேரு கேட்டா பாவாடைன்னு சொல்லுங்க. வேற வாயத் தொறக்காதீங்க" என்று தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னேன். "சரிண்ணே, சரிண்ணே" என்றார்.

அதிகாரி நல்ல மனுஷன்தான். பழைய ஸ்கூல் சர்டிபிகேட்டில் பாவாடை என்று இருப்பதைப் பார்த்துப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"உங்க பேரு?"

பாவாடையின் குதிகால் இரண்டும் ஒட்டின. நெஞ்சு நிமிர்ந்தது.

"கருப்பன், சார்!"

அதிகாரி பேனாவை மூடினார்.

"அவரு செத்துட்டாருங்க" என்றார்.

வெளியே வந்து என் மேஜையில் காகிதங்களை அடுக்கினேன். அடியில் ஒரு ஜெராக்ஸ். பட்டாளத்தில் சேர அவர் போட்ட முதல் விண்ணப்பம். பேருக்குக் கீழே ரெட்டைக் கோடு. இந்த ஊரில் அப்படிக் கோடு போடுகிறவன் நான் ஒருத்தன்தான். பாவி, அந்தக் கேணப்பயல் நானேதான்.

"தம்பி, இத எழுதுனது நான்தான்யா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சுமா எங்கிட்ட வந்தீங்க?"

"எழுதுனவரே திருத்துனா எடுபடும்னு நெனச்சேன்."

மரத்தடியில் காத்திருந்த நீலாவதி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். நல்லூரில் நீலாவதியின் தங்கச்சி வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு இருக்க முடியும்? "பஸ்ஸு வந்துரும்" என்றார்.

"போயிட்டு வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் பாவாடை நடந்தார். காகிதமெல்லாம் என் மேஜையிலேயே கிடந்தது.

"பாவாடை! ஓய் பாவாடை!" என்று கூப்பிட்டேன். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நீலாவதிதான் அவர் முழங்கையைத் தொட்டு, "உங்களத்தாங்க கூப்புடுறாரு" என்றார்.