மலைச்சாமி மயக்கத்தில் சொன்ன பெயர்

1

இந்தக் கதை எனக்குப் பொறாமையால் கிடைத்தது. என் மனைவி சௌம்யா கொடைக்கானலில் மயக்க மருந்து டாக்டர். மயங்கப் போகிறவர்கள் அவளிடம் என்னென்னவோ பேசுகிறார்கள். வீட்டில் அவள் எதையும் சொல்வதில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் இதை மட்டும் சொன்னாள். பெயர்களை மாற்றிவிட்டேன்.

2

மேகம் இறங்கிய வடகவுஞ்சிச் சரிவில்…

(அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயிலாம்.)

வடகவுஞ்சியில் பூண்டு போடுகிற மலைச்சாமி, மூட்டையோடு விழுந்து முன்கையை முறித்துக்கொண்டான். மனைவி மகாதேவி கூட வந்தாள். சௌம்யா கழுத்தோரம் ஊசி போட்டுக் கையை மரத்துப்போக வைத்தாள். பயம் தெரியாமலிருக்க லேசான மயக்கமும் கொடுத்தாள். ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது, கண் செருகியபடியே அவன் சிரித்தான்.

"கண்மணி, மெல்ல வா. கல்லு கெடக்கு."

கண்மணி, அவனுக்கு முதலில் கல்யாணம் பேசித் தட்டிப்போன பெண். இப்போது பக்கத்துத் தோட்டக்காரி.

3

"டாக்டரம்மா, உள்ள இருக்கதுதான வெளிய வருது?" என்றாள் மகாதேவி.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. மூளை நரம்பை அமைதிப்படுத்த, பிரேக் மாதிரி, ஒரு ஏற்பி இருக்கு. மருந்து அதுக்குத் துணை நிக்கும். நரம்பு சோர்ந்துடும், கட்டுப்பாடு தளரும். கனவாக்கூட இருக்கலாம். பேசினது அவருக்கு ஞாபகம் இருக்காது."

"கையி?"

"அது வேற மருந்து. நரம்புல சின்னச் சின்ன வாசல் இருக்கு. அது வழியா சோடியம் உள்ள போனாத்தான் வலி நகரும். மருந்து அந்த வாசலை அடைச்சிடும். சாயந்திரம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது."

மகாதேவி கட்டுக்கு வெளியே தெரிந்த அவன் மோதிர விரலை எடுத்தாள். தன் நகத்தை அதில் அழுத்தி இறக்கினாள். தோல் வெளுத்துச் சிவந்தது. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கு மட்டும் எல்லா வாசலும் தொறந்தே கெடக்கு" என்றாள்.

4

முடிவு: வலி திரும்பியதும் அவன் "மகாதேவி" என்று கத்துகிறான். அவள் மனம் இளகி…

படித்துவிட்டு சௌம்யா சொன்னாள்: "அவர் அப்படிக் கூப்பிடல. எல்லாரையும் மாதிரி அம்மான்னுதான் கத்துனார்."

மகாதேவி தலையைத் தாங்கி மாத்திரை கொடுத்தாளாம்.

"வெரல் ஏன் இப்படி வலிக்கு?"

"விழுந்தப்பப் பட்டிருக்கும்."

"மயக்கத்துல எதும் பேசுனனா?"

"ஒண்ணும் பேசல. தூங்குங்க."

அவ்வளவுதான். அவள் அவனிடம் எதையும் கேட்கவில்லை. அது எப்படி முடிந்தது அவளால்? அந்த இடத்தில்தான் என் பேனா நின்றுவிடுகிறது.

5

[இதை வெட்டிவிடலாம் என்று நினைத்தேன்.]

போன வருடம் சௌம்யாவுக்குக் குடல்வால் ஆபரேஷன். மயக்கம் கொடுத்தவர் அவளோடு வேலை பார்க்கும் ஜெயமுருகன். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். தெளியும்போது அவள் ஏதாவது சொன்னாளா, அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஏரிக்கரையில் பார்க்கும்போதெல்லாம் "என்ன சார், வாக்கிங்கா?" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு…

எழுத வரவில்லை. கொடைக்கானல் வந்தால் நீங்களே அவரிடம் கேளுங்கள். அவள் சொன்னது வேறு பெயராக இருந்தால் கதையை அங்கேயே முடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள். என் பெயராக இருந்தால் மட்டும் வீட்டுக்கு வாருங்கள்.