நியமித்தவர் குரல்

சிறைக்குள் நடக்கும் குற்றங்களை விசாரிக்க வந்த காவல் அதிகாரி வாயைத் திறந்தபோது, அவரை நியமித்த சிறைக் கண்காணிப்பாளரின் குரல்தான் வெளியே வந்தது. மருத்துவர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புண் ஒன்றுமில்லை, வெந்நீர் குடியுங்கள் என்றார். விசாரிக்க வேண்டியிருந்தது தறிக்கூடத்தில் வேலை செய்த ஒரு கைதியின் சாவு. குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் குளியலறையில் தண்ணீர் வருவதே அபூர்வம், வழுக்குவதற்கு எங்கே போவது? அதிகாரி ஒவ்வொருவரிடமும் கேட்டார். கண்காணிப்பாளரின் குரல் காதில் விழுந்ததும் கைதிகள் எழுந்து நின்று, ஆமாம் ஐயா, வழுக்கித்தான் விழுந்தான் என்றார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி, வேறென்ன.

செத்தவனுக்கு உறவென்று இருந்தது ஒரே அக்கா, தையல்காரி. தம்பி எப்படிச் செத்தான் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் போனாள். என் சிறைக்கு நான்தான் ஆள் போடுவேன் என்றார் கண்காணிப்பாளர். அதற்கு நாங்கள் இருக்கிறோம் என்றது சிறைத்துறைத் தலைமையகம். இந்த இழுபறியிலேயே வருடங்கள் ஓடின. தலைமையகம் அனுப்பிய அதிகாரிக்கு அங்கிருந்த இயக்குநரின் குரல் வந்தது. எதைக் கேட்டாலும் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றது. நீதிபதி தானே ஒருவரை நியமித்துப் பார்த்தார். வந்தவர் நீதிபதியின் குரலில் ஒரு கேள்வி கேட்டு, பதில் வருவதற்குள் வாய்தா கொடுத்துவிட்டார்.

சலித்துப்போன நீதிபதி, "நீங்களே ஒருத்தரப் போடுங்கம்மா" என்று தையல்காரியிடம் சொல்லிவிட்டார். சிறையில் யாரையும் தெரியாத, பெரிய மீசை வைத்த ஓர் அதிகாரியை அவள் கை காட்டினாள்.

மறுநாள் மீசைக்காரர் தறிக்கூடத்துக்குள் போய் வாயைத் திறந்தார். தையல்காரியின் குரல் வந்தது. பார்வையாளர் கூடத்தின் கம்பிவலைக்கு வெளியே நின்று, அத்தனை பேரின் கூச்சலுக்கும் மேலே, சாப்பிட்டியாடா என்று வாராவாரம் கத்திய குரல். அங்கே கைதிகளுக்கும் காவலர்களுக்கும் அது மனப்பாடம்.

"என் தம்பிய யாரு அடிச்சா?"

தறிகள் நின்றன. கைதிகள் வாய் திறப்பதற்கு முன்பே, கதவோரம் நின்ற காவலர் லத்தியைக் கீழே வைத்தார். "நான்தாம்மா. அடிக்கச் சொன்னது ஐயா."

அந்தக் கண்காணிப்பாளர் ஐயா இப்போது அதே கூடத்தில் நூல் சுற்றுகிறார். உள்ளே யார் செத்தாலும் செத்தவரின் வீட்டார்தான் அதிகாரியை நியமிக்கிறார்கள். மீசைக்காரருக்கு மட்டும் பழைய குரல் திரும்பவேயில்லை. வீட்டிலும் பழகிவிட்டார்கள். சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே மகனைப் பார்த்து, சாப்பிட்டியாடா என்பார். சாப்பிட்டேன் அத்தை என்பான் அவன்.