சாபிரா மெயிலு

...அழிக்காதே என்றால் அழிக்காமல் இருந்துவிடுவாளா, இன்றைக்கு அழிக்கத்தான் போகிறாள், ஈவு இரக்கம் பார்க்காமல் அழிக்கப் போகிறாள், யார் வந்து கேட்டாலும் ஆமாம் நான்தான் அழித்தேன் என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் போகிறாள் சாபிரா. சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருந்தது, பக்கத்தில் ஆடை கட்டிப்போன டீ, திரையின் உச்சியில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தச் சிவப்புக் கோடு, இடம் நிறைந்துவிட்டது, இனி உங்களுக்கு மின்னஞ்சல் எதுவும் வராது என்று... உங்களுக்கு என்றால் யாருக்கு? வீட்டுக்காரர் சேக் தாவூதின் வாழைக்காய் மண்டிக்கா, கொழுந்தன் ஆரிப்புக்கா, அடுத்த வீட்டு அனுசுயாவுக்கா? ஐடி என்னவோ சாபிரா டாட் பிகாம். அவள் பெயர், அவள் படித்த படிப்பு. உத்தமபாளையத்தில் கடைசி வருசம் படிக்கும்போது, பிரவுசிங் சென்டரின் பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, தானே போட்ட ஐடி. அதில் இன்றைக்கு அவளுக்கென்று ஒரு கடிதம் வர இடமில்லை. வரவேண்டிய கடிதமோ இன்றைக்குத்தான் வரவேண்டும். மார்க்கையன்கோட்டைப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் பழ ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதப் போக்குவரத்துப் பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள், தமிழும் இங்கிலீசும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தால் போதும், வயது தடையில்லை, தேர்வானவர்களுக்குப் புதன்கிழமைக்குள் மெயில் வரும் என்று. வயது தடையில்லை என்ற வரியை அவள் எத்தனை தடவை வாசித்தாளோ... இன்று புதன்கிழமை.

காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே அவர் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. “இதுக்குப் போயி ஏன் மல்லுக்கட்டுற, நீ புதுசா ஒரு ஐடி போட்டுக்க. ஓசிதான?” கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, உதவி செய்கிற மாதிரி சொன்னார். “கம்பெனிக்கு இந்த ஐடியத்தானங்க குடுத்திருக்கேன். மண்டிக்குப் புதுசா போடுங்களேன், ஓசிதான?” என்றாள். அவர் சட்னியைப் பார்த்தார். மண்டி ஐடி எல்லாருக்கும் தெரிந்ததாம், மாற்றினால் குழப்பமாம்... மண்டி ஐடி! என்றைக்கு ஆனது அது மண்டி ஐடி? கல்யாணம் முடிந்த புதிதில், கேரளாவுக்கு லாரி போன விவரம் அனுப்ப வேண்டும், உனக்குத்தான் மெயில் இருக்கே என்று கேட்டார், சரி என்றாள், பெருமையாகக்கூட இருந்தது, புகுந்த வீட்டில் தன்னிடம் மட்டும் ஒன்று இருக்கிறதே என்று. அப்புறம் ஆரிப்பின் வீசா ஏஜெண்டுகள், அப்புறம் அனுசுயாவின் காஸ் புக்கிங், அனுசுயா மகளுடைய கல்லூரிக் கவுன்சிலிங், அப்புறம் இ-சேவை மையத்தில் தெருவே இந்த ஐடியைக் கொடுக்க ஆரம்பித்தது. அனுசுயாவின் மாமியார் மொக்கம்மாள் போய் “சாபிரா மெயிலு போட்டுக்கப்பா” என்பாள். என்னம்மா அது, பேகமா என்று மையத்துக்காரர் கேட்டால், ஆமா பேகம்தான், பெரிய வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்து, “ஏத்தா, நீ பேகமாமே, சொல்லவே இல்ல?” என்று அவளையே கேட்டாள். பிகாம் பேகமானது. அன்றைக்குச் சிரித்தாள். இப்போது நினைத்தால், படித்த படிப்பே காணாமல் போனதற்கா சிரித்தோம் என்றிருக்கிறது.

சரி, அழிப்பது என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கிறவள் இல்லை அவள். எதையும் வரிசையாகச் செய்து பழக்கம். முதலில் ஆளுக்கொரு ஃபோல்டர். மண்டி. ஆரிப். அனுசுயா. மத்தது. ஒவ்வொரு மெயிலையும் நிறுத்தி வைத்துக் கேட்டாள், யாருக்கு வந்தாய், இனிமேல் உன்னை யாராவது தேடுவார்களா, தேடினால் வேறெங்காவது கிடைப்பாயா... பூச்சிமருந்துக் கம்பெனியின் பொங்கல் வாழ்த்து, போ. மதுரை நகைக்கடையின் அட்சய திருதியைச் சலுகை, இந்த வீட்டில் யாரடா உனக்கு ஐடி கொடுத்தது, போ, இனிமேல் வராதே என்பதற்கும் அடியில் பொடி எழுத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதையும் அமுக்கினாள். எது இடத்தை அடைக்கிறது என்று அளவு பார்த்து வரிசைப்படுத்தினால், அல்லாவே, எல்லாம் வாழைத்தார். ஒவ்வொரு லாரிக்கும் எடுத்த போட்டோ, நேந்திரன் தார் நின்ற கோலம், கிடந்த கோலம், காம்பு, நுனி, கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை படம் எடுக்கமாட்டார்கள். அவளுடைய கடிதத்துக்கு இடமில்லாமல் போனது இந்தத் தார்களால்தானா? மொத்தமாகத் தேர்வு செய்து அழித்தாள். குப்பைத் தொட்டிக்குள் போய் விழுந்ததையும் விடாமல் காலி செய்தாள்.

காலையிலேயே அனுசுயாவுக்குப் புது ஐடி ஒன்றைப் போட்டு அவள் போனில் ஏற்றிக் கொடுத்தாயிற்று. “எனக்கு எதுக்குக்கா, உங்களது இருக்கும்போது?” என்று இழுத்தவளிடம், “என்னது எனக்கு வேணும், அதுக்குத்தான்” என்று சொல்லியாயிற்று, வேண்டாத மெயில் வந்தால் வாசிக்காமலே அழித்துவிடு என்றும் சொல்லியாயிற்று. அனுசுயா மகளுடைய கவுன்சிலிங் கடிதத்தை இப்போது அந்தப் புது ஐடிக்கு அனுப்பிவிட்டு இங்கே அந்த ஃபோல்டரையும் துடைத்தாள். அடுத்தது ஆரிப். குமுளியில் செல்போன் கடை வைத்திருக்கிறவனுக்கு ஒரு போன் போட்டாள், சொல்லாமல் செய்தாள் என்ற பேச்சு வேண்டாம். “மதினி, வீசா மெயிலெல்லாம் சும்மா கெடக்கட்டும், சோறா கேக்குது?” “சோறு கேக்கல ஆரிப், எடம் கேக்குது. அந்த ஏஜெண்டெல்லாம் கடையப் பூட்டிட்டுப் போயாச்சு, நீயும் கல்யாணம் முடிச்சு அங்கனயே கடையும் போட்டாச்சு. இன்னும் எந்த நாட்டுக்குப் போற?” “ஒரு ஆசைக்கு இருக்கட்டும்னுதான்...” “ஆசைய உன் மெயில்ல வச்சுக்க, அனுப்பி விடுறேன்.” அவன் சிரித்துவிட்டு வைத்தான். வைத்த கையோடு அண்ணனுக்குச் சொல்லிவிட்டான் போல, அடுத்த நிமிடம் மண்டியிலிருந்து போன், பின்னால் லாரியின் ஆரன், யாரோ யாரையோ ஏலே என்று கத்துகிற சத்தம்.

“என்னத்தையோ அழிக்கிறியாமே?” “ஆமாங்க.” “தார் போட்டோவையுமா? அடியே, அடிபட்ட காயின்னு கேரளாக்காரன் சொன்னா என்னத்தக் காட்டுறது?” “அந்தக் காயெல்லாம் சிப்ஸாகி, அவக தின்னு செமிச்சு வருசக்கணக்காச்சு. இந்த மாசத்துப் படமெல்லாம் மண்டி ஃபோல்டர்ல இருக்கு. யாராச்சும் கேட்டா சாபிராதான் அழிச்சான்னு என் பேரச் சொல்லுங்க.” அவர் சிரித்தார். “உன் பேரச் சொன்னா அவகளுக்கு யாருன்னே தெரியாதே.” “எப்படித் தெரியாமப் போகும், இத்தன வருசமா அவகளுக்குப் பதில் எழுதுறது நானில்ல?” அதற்குள் யாரோ கூப்பிட, வந்துட்டேன் என்று அவர் போய்விட்டார். எப்படித் தெரியாமல் போகும்... கடித முடிவில் மண்டியின் பெயர்தான் போடுவாள், அது வியாபாரம், ஆனால் ஒவ்வொரு மெயிலின் மேலேயும் அனுப்பியவர் என்று அவள் பெயர் இருக்குமே, அதைக்கூடவா பார்க்காமல் இருப்பார்கள்? பார்த்திருப்பார்கள், இவர் சும்மா வம்புக்குச் சொல்கிறார். போகட்டும்.

அனுப்புநர் என்பதை அவள் அவ்வளவு லேசாக விடுகிறவள் இல்லை. எட்டாம் வகுப்பில் தமிழ் வாத்தியார் கோட்டைச்சாமி, இடது பக்க மூலையில் அனுப்புநர் எழுதாத தாளை வாசிக்கவே மாட்டார், மொட்டைக் கடுதாசிக்கு மார்க் கிடையாது என்று தூக்கிப் போடுவார். அந்தப் பயத்தில் மெயிலிலும் ரொம்ப நாள் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். ஆரிப்தான் கிண்டல் செய்தான், “மதினி, இது ரெக்கார்டு நோட்டா? அனுப்புனவக பேரு தன்னால மேல வந்துரும்.” விட்டுவிட்டாள். கம்பெனிக்குப் போட்ட விண்ணப்பத்தில்கூட அனுப்புநர் எழுதவில்லை, பொருள் என்ற இடத்தில் மட்டும் முறையாக, ‘தங்கள் அறிவிப்பு தொடர்பாக’ என்று போட்டாள். நல்ல கடிதம் அது. ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லாமல், பத்தி பிரித்து, இப்படிக்கு வரை... வரும், பதில் வரத்தான் செய்யும்.

சிவப்புக் கோடு மறைந்தது. எப்போது மறைந்தது என்று அவள் பார்க்கவில்லை, ‘மத்தது’ ஃபோல்டரில் கடைசியாகக் கிடந்த குப்பையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தால் இல்லை. இன்பாக்ஸ் வெள்ளையாகக் கிடந்தது. இவ்வளவு வெள்ளையாக அதை அவள் பார்த்தது பிரவுசிங் சென்டரில் முதல் நாள் மட்டும்தான். இனி வருகிற மண்டி மெயில் தானாக மண்டிக்குள் போய்விடும், வழிமுறை போட்டாயிற்று, அவரும் ஒரு மாதத்துக்குள் வேறு ஐடி போட்டே ஆகவேண்டும், இல்லையென்றால்... இல்லையென்றால் என்ன செய்வாய் சாபிரா? அழிப்பேன். அதை வாய்விட்டே சொன்னாள், சமையலறைப் பக்கம் யாரும் இல்லை, இருந்தாலும் சொல்லியிருப்பாள். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் பார்த்தாள். மூன்று நாள் அடைத்துக் கிடந்ததில் திரும்பிப் போயிருக்குமோ? திரும்பிப் போனால் மறுபடி அனுப்புவார்கள்தானே, கடிதம் எழுத ஆள் தேடுகிற கம்பெனிக்கு அதுகூடவா தெரியாது...

“சாபிராக்கா!” காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அனுசுயா. ஜன்னல் வழியாகத் தலை மட்டும் தெரிந்தது. “புது மெயிலு சூப்பரா வேலை செய்யுதுக்கா. ஆனா பாருங்க, தெறந்ததும் உங்க மண்டி வந்து நிக்குது. தார் வாங்குற ஆளுகளா நாங்க? வாசிக்காமயே அழிச்சுப் போட்டேன், நீங்க சொன்ன மாதிரி.” சாபிராவுக்குப் புரியவில்லை. மண்டியிலிருந்து உனக்கு எதற்கடி வரும்? “அது நான் அனுப்புனதுடி, உம் மக கவுன்சிலிங்கு கடுதாசி!” “ஐயையோ! உங்க பேரே இல்லையேக்கா. எஸ்.டி. வாழைக்காய் மண்டி, கம்பம், அம்புட்டுத்தான் போட்டிருந்துச்சு.” “குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்கும், அதுல பாரு, கெடக்கும்” என்று சொன்னது தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அனுப்பியவற்றைத் திறந்தாள். வருசக்கணக்கான கடிதங்கள், ஒவ்வொன்றின் மேலும் ‘நான்’. நான், நான், நான் என்று இறங்கிக்கொண்டே போனது. அவளுக்கு மட்டும்தான் நான். வாங்குகிறவனுக்கு? அமைப்புகளுக்குள் போனாள். பெயர் என்ற இடத்தில் முதல் கட்டத்தில் எஸ்.டி. வாழைக்காய், இரண்டாம் கட்டத்தில் மண்டி கம்பம். ஆரிப்... என்றைக்கோ லேப்டாப்பை வாங்கி எதையோ தட்டிக்கொண்டே சொன்னானே, கேரளாக்காரன் பொம்பளப் பேரப் பாத்தா ரேட்டக் கொறச்சுப் பேசுவான் மதினி என்று... அவளும் தலையாட்டினாளே, கடிதத்துக்குக் கீழே போடுகிற பெயரைச் சொல்கிறான் என்று நினைத்து.

அப்படியென்றால் விண்ணப்பம். எஸ்.டி. வாழைக்காய் மண்டி, கம்பம், தங்கள் அறிவிப்பு தொடர்பாக. ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தினமும் எத்தனை மண்டிகள் எழுதும், எத்தனை தார்ப் படங்கள்... அங்கே ஒருத்தி, அல்லது ஒருத்தன், இவளைப் போலவே வரிசையாகச் செய்கிற ஆள், சிவப்புக் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, யாருக்கு வந்தாய், உன்னை யாராவது தேடுவார்களா... திறக்காமலே தள்ளியிருப்பார்கள். அந்த நாற்காலியில் அவளே உட்கார்ந்திருந்தாலும் தள்ளியிருப்பாள். அது தப்பென்றுகூடச் சொல்ல முடியாது.

முதல் கட்டத்தைத் துடைத்தாள். சாபிரா. இரண்டாம் கட்டத்தையும் துடைத்தாள், கோடு நின்று துடித்தது. அதில் என்ன போட, அத்தா பெயரா, அவர் பெயரா, பிகாமா, பேகமா? ஒன்றும் வேண்டாம், வெறுமையாகவே கிடக்கட்டும், அந்த இடம் நிறைந்திருந்தது போதும். சேமித்தாள். கம்பெனிக்குப் புதிதாக ஒரு கடிதம் திறந்தாள், யார் கிண்டல் செய்தால் என்ன, இடது பக்க மூலையில் அனுப்புநர் என்று எழுதி, கீழே பெயர், தெரு, ஊர், பின்கோடு வரை போட்டாள். அனுப்பும் பொத்தானில் விரல் நின்றது. இந்த இயந்திரம் மறுபடியும் தன்னிடம் ‘நான்’ என்றுதான் சொல்லும். அதை இனி எப்படி நம்புவது? அனுசுயாவின் ஐடிக்கு முதலில் ஒரு வெற்று மெயிலைத் தட்டிவிட்டு ஜன்னலுக்குப் போனாள்.

“அனுசுயா, இப்ப ஒண்ணு வந்திருக்கும். தெறக்காத, அழிக்காத. மேல என்ன பேரு போட்டிருக்குன்னு மட்டும் சத்தமா வாசி.”

“இருங்கக்கா, பொடி எழுத்தா இருக்கு” என்றாள் அனுசுயா. “கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்.”

மேசையில் போன் அதிர்ந்தது, மண்டி. சாபிரா திரும்பவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.