மாப்பிள்ளைக்கு வழி விட்டவள்

நாங்கள் கல்லூரியில் ஹோட்டல் தொழில் படித்துக்கொண்டிருந்தோம். அங்குள்ள பயிற்சி உணவகத்துக்கு ரோபோ வந்த அன்றே அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டோம். வேறென்ன வைப்பது? மினுமினுவென்று வந்து நின்றது. குனியாது, நிமிராது. வழியில் யாராவது நின்றால் அதுவும் அப்படியே நின்றுவிடும்; நாம்தான் நகர வேண்டும். சமையலறையில் தட்டை ஏற்றிவிட்டால் மேஜை வரைக்கும் கொண்டுபோகும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

வகுப்பில் யாருக்கும் அதைப் பிடிக்கவில்லை. கால் கடுக்க நின்று, முகம் வலிக்கச் சிரித்துப் பழகிவிட்டு வேலைக்குப் போனால், அங்கே இது நமக்கு முன்னால் நிற்குமே என்ற பயம். என் அறைத்தோழிதான் வகுப்பில் முதல் மாணவி. எல்லோரும் தலைவி என்றுதான் கூப்பிடுவோம். அவள் தீர்மானம் போட்டாள். "ஃபைனல் பிராக்டிகல்ல ஒருத்தியும் அதைத் தொடக் கூடாது. வர்ற மேனேஜர் பார்க்கட்டும், மனுஷங்களே போதும்னு."

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன், இடது கையை.

குளியலறையில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் பட்டை போட்டிருந்தேன். தலை பின்னக்கூட முடியாது. தினமும் காலையில் தலைவிதான் பின்னிவிடுவாள். தேர்விலோ சூப் கிண்ணங்கள் நிறைந்த பெரிய தட்டைத் தோளுயரத்துக்குத் தூக்கி வர வேண்டும், இல்லாவிட்டால் ரோபோவிடம் ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்குள் கை சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கோட்டை விட்டால் ஒரு வருஷம் வீண். தேர்வு வைக்க வரும் ஹோட்டல் மேனேஜர் தரும் வேலையும் கிடையாது.

தேர்வுக்கு முந்தின நாள் ஒரு ஜக் தண்ணீரைத் தூக்கிப் பார்த்தேன். உயிர் போய் உயிர் வந்தது. நேரே தலைவியிடம் போய்ச் சொன்னேன். "நான் மாப்பிள்ளையத்தான் கூட்டிக்கப் போறேன்."

"எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுடி."

"எல்லாருக்கும் ரெண்டு கை இருக்கு."

"சரி, போ. நாளைக்கு அது உன் வேலையைப் பிடுங்கும்போது என்கிட்ட வந்து அழாத."

"இன்னிக்கு அது இல்லேன்னா, பிடுங்குறதுக்கு எனக்கு வேலையே இருக்காது."

அதோடு பேச்சு நின்றது. மறுநாள் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். பின்னல் மட்டும் வழக்கத்தைவிட இறுக்கம். என் புருவம் மேலே ஏறிக்கொண்டது. கோபம் வேறு, தலை வேறு என்று நானும் தலையைக் கொடுத்தேன்.

சமையலறைக்கும் உணவுக் கூடத்துக்கும் நடுவே ஒரு குறுகலான நடை, அதன் முடிவில் வட்டக் கண்ணாடி வைத்த ஆடும் கதவு. சூடான சாப்பாடு எதிரே வந்தால், எச்சில் தட்டோடு போகிறவர் சுவரோடு ஒட்டி நின்று வழி விட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்வோம், அப்படிப் பழக்கியிருந்தார்கள். தேர்வு தொடங்கியதும் நான் சூப்பை மாப்பிள்ளை மேல் ஏற்றச் சொல்லிவிட்டு முன்னால் வந்து விருந்தாளிகளுக்கு வணக்கம் சொன்னேன். தண்ணீர் ஊற்றினேன். சூப் வரவில்லை.

கண்ணாடி வழியே பார்த்தேன். நடைக்குள் தலைவி, தன் மேஜையின் எச்சில் தட்டுகளோடு, சுவரில் பல்லியாக ஒட்டிக்கொண்டு வழி விட்டு நிற்கிறாள். ஆள் நிற்கிறதே என்று மாப்பிள்ளையும் வழி விட்டு நிற்கிறது. இரண்டுமே மரியாதை தெரிந்த ஜென்மங்கள். சூப் ஆறிக்கொண்டிருந்தது. சுவரோரம் நின்ற மேனேஜர் என்னைப் பார்த்தார்.

ஓடிப்போய் அந்தத் தட்டைத் தூக்க என்னால் முடியாது. தலைவி ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும். விதிப்படிதான் நிற்கிறாள், யாரும் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளையின் மானம் கப்பலேறும், மனுஷங்களே போதும் என்று அவள் சொன்னது பலிக்கும்.

அவள் திரும்பிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். என் கைப்பட்டையைப் பார்த்தாள். பிறகு பின்னாலேயே அடியெடுத்து வைத்து, முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். விருந்தாளிக்கு முதுகைக் காட்டக் கூடாது, எச்சில் தட்டைத் திரும்பக் கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. எங்கள் படிப்பில் இதைவிடப் பெரிய பாவம் இல்லை. இரண்டையும் மேனேஜர் கண்ணெதிரே ஒன்றாகச் செய்தாள். அவள் பின்வாங்கப் பின்வாங்க, மாப்பிள்ளை ஊர்வலம் போல ஆடாமல் அசையாமல் வந்து என் மேஜையருகே நின்றது. இடது கையால் ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து வைத்தேன். ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

கடைசியில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "எச்சில் தட்டோட ஏன் திரும்பி வந்தீங்க?"

"சூப் ஆறிடும் சார்."

"அப்ப ரோபோவோட வேலை செய்ய சம்மதமா?"

"கூட வேலை செய்வேன் சார். அதுக்குக் கீழ செய்ய மாட்டேன்."

சிரித்துவிட்டார். ஆனாலும் மார்க்கைக் குறைக்காமல் விடவில்லை. வேலை எங்கள் இருவருக்கும் கிடைத்தது. முதல் இடம் மட்டும் அவளுக்குக் கைநழுவிப் போனது.

அன்று மாலை மாப்பிள்ளையின் தட்டுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நன்றி சொன்னேன். அதற்கு என்ன தெரியும்? எனக்குச் சொல்லத் தோன்றியது, சொன்னேன். ஒரு வருஷத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறதே.

தலைவிக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை. மறுநாள் அவள் பின்னிக்கொண்டிருக்கும்போது இவ்வளவுதான் சொன்னேன். "என்னால உனக்கு முதல் இடம் போச்சேடி."

"போனா போகுது. தலையை ஆட்டாத, வகிடு கோணும்."

இப்போது இருவரும் அந்த ஹோட்டலில்தான் வேலை செய்கிறோம், ஒரே அறையில்தான் தங்கியிருக்கிறோம். மணிக்கட்டு நன்றாகவே ஆறிவிட்டது. நிறைந்த ஜக்கைத் தூக்கிப் பார்த்தேன், வலியே இல்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் பட்டையை மாட்டிக்கொண்டு, அவள் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.