அடுத்தவன் அடைத்த தோட்டா

வெண்டல் வாயை மூடிக்கொண்டு செய்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. அவனுக்கோ ஒரு முட்டை பொரித்தால்கூட நாலு பேரிடம் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் அமெரிக்காவில் மொன்டானா மாநிலம் முழுக்கக் கடைகளில் தோட்டா அலமாரி துடைத்துவிட்டதுபோல் காலி. கேட்டால் அடுத்த மாசம் வரும் என்பார்கள், எந்த வருஷத்து அடுத்த மாசம் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். சரி, நாமே அடைத்துக்கொள்வோம் என்று வெண்டல் கராஜில் ஒரு மேசையைப் போட்டு, கைப்பிடி வைத்த பிரஸ் ஒன்றை அதில் முடுக்கி, தராசும் புனலும் வாங்கி வைத்தான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, பிரஸ்ஸில் கொடுத்து நேராக்கி, அடியில் பொறி கிளப்பும் புது கேப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகினால் தோட்டா தயார். முதன்முதலாக அவன் மனைவியின் ரைபிளுக்கு அடைத்த ஐந்தும் அட்டையில் ஒழுங்காக ஓட்டை போட்டன. அத்தோடு அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மச்சான் மெர்ல் வீட்டில் சாப்பாடு. மெர்ல், வெண்டலின் மனைவி லோரீனுக்கு அண்ணன், மீசை முளைக்கும் முன்பே தோட்டா அடைக்க ஆரம்பித்தவன். அவனுடைய கைத்துப்பாக்கிக்கென்று வெண்டல் காலையிலேயே எழுந்து ஒரு பெட்டி அடைத்துக் கொண்டுபோயிருந்தான். மாட்டுக்கறித் தட்டுக்கும் ரொட்டிக்கும் நடுவில் அதைப் பெருமையாக வைத்தான். மெர்ல் மூடியைத் திறக்கவேயில்லை.

“அழகா இருக்கு மாப்ள. எடுத்து உள்ள வை.”

“உனக்குத்தான் மச்சான். சுட்டுப் பாரு.”

“அடுத்தவன் அடைச்சத நான் சுடறதில்ல. எங்கப்பன் அடைச்சதையே சுட்டதில்ல. தப்பா எடுத்துக்காத, இங்க எல்லாருமே அப்படித்தான்.”

“என் கை சரியில்லங்கறியா?”

“உன் கையில என்ன குறை? அடைக்கறப்ப உன் மண்டைக்குள்ள என்ன ஓடிச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? வெடிச்சா போறது என் மூஞ்சி. ஏற்கெனவே லட்சணம் கம்மி.”

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டலுக்கு உள்ளே எரிந்தது. அப்போது லோரீன் உருளைக்கிழங்கு மசியலைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“நான் சுடறேன். சனிக்கிழமைக்கு எனக்கு அடைச்சுக் குடு வெண்டல். என் துப்பாக்கிக்குத்தான் ஊர்ல ஒரு தோட்டாகூட இல்லையே.”

சனிக்கிழமை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. பெரிய கொம்பன்கள் திரியும் அந்த மலைப்பக்கத்துக்கு அனுமதி குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பார்கள். லோரீன் வருஷா வருஷம் எழுதிப்போட்டு வருஷா வருஷம் ஏமாந்தவள். இந்தத் தடவை பெயர் விழுந்ததும் அடுப்படியில் நின்று அழுதாள், சிரித்தாள், கடைசியில் நாயைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். அப்படிப்பட்ட வேட்டைக்கு அவள் நம்பியது வெண்டலின் கையை. வேறு என்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு?

வீட்டுக்கு வந்ததும் நேரே கராஜுக்குப் போனான். மச்சானுக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே கூடுகளை வரிசையாக நிறுத்தினான். அப்பன் அடைத்ததையே சுடமாட்டானாம், பெரிய இவன்! ஒவ்வொன்றிலும் மருந்து போட்டுக் குண்டைச் செருகி, இருபது தோட்டாவும் பளபளவென்று நின்ற பிறகுதான் மேசையைத் துடைக்கத் திரும்பினான். மேசையில் இரண்டு மருந்து டப்பா இருந்தது.

துணியை அப்படியே கீழே போட்டான். மேசைமேல் எப்போதும் ஒரே டப்பாதான் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். ஒன்று ரைபிள் மருந்து, இன்னொன்று காலையில் மெர்லுக்கு அடைத்த கைத்துப்பாக்கி மருந்து. முன்னது நின்று எரியும், பின்னது குப்பென்று எரியும். ரைபிள் மருந்தில் பின்னது கலந்துவிட்டால், தோட்டாவை உள்ளே அடைத்துப் பிடிக்கும் போல்ட் பிய்த்துக்கொண்டு சுடுகிறவர் முகத்துக்கே வரலாம். காலையில் சர்ச்சுக்கு நேரமாகிவிட்டதென்று புனலில் மிச்சமிருந்த மருந்தை டப்பாவில் கவிழ்த்துவிட்டு ஓடினான். கவிழ்த்தது நிச்சயம். எந்த டப்பாவில் கவிழ்த்தான்?

சரியான டப்பாவில்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டையும் திறந்து பார்த்தான். இரண்டும் கறுப்பு எள் மாதிரி, ஒரே கறுப்பு, ஒரே பொடி. விரலில் தேய்த்தான், வெளிச்சத்தில் பிடித்தான், குலுக்கினான். ஒரு மண்ணும் தெரியவில்லை. குண்டுகளைப் பிடுங்கி, மருந்து மொத்தத்தையும் புல்தரையில் தூவிவிட வேண்டியதுதான் முறை. தூவிவிட்டால் வேறு மருந்துக்கு எங்கே போவது? லோரீனின் வேட்டை போய்விடும். மெர்ல் ஆயுசுக்கும் விடமாட்டான். இரண்டு டப்பாவையும் அலமாரிக்குப் பின்னால் தள்ளினான். தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கி லோரீனிடம் கொடுத்தான்.

அந்த வாரம் அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் கராஜுக்குப் போனான், போனால் எதற்கு வந்தோம் என்று நின்றான். ஒரு தோட்டாவை நானே சுட்டுப் பார்க்கட்டுமா என்று யோசித்தான். அது நல்லதாக இருந்தால் மற்றது? சொல்லிவிடலாம் என்று லோரீன் பக்கத்தில் போவான். அவள் ஆரஞ்சு மேல்சட்டையைக் காயப்போட்டபடி விசில் அடித்துக்கொண்டிருப்பாள். திரும்பிவிடுவான்.

“ஏன் இப்படி எறும்பு கடிச்ச மாதிரி நெளியறே?” என்றாள் அவள். “எனக்கு விழுந்த பெர்மிட்டுக்கு உனக்கு ஜுரமா?”

“ஒண்ணுமில்ல. குளிர் அதிகமா இருக்கும், கையுறை எடுத்துக்கோ.”

சனிக்கிழமை விடிந்தபோது இருவரும் மலைச்சரிவில் ஒரு சாய்ந்த மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தார்கள். மான் விழுந்தால் சுமக்க உதவிக்கு வந்த மெர்ல், தன் ரைபிளோடு கீழே ஓடைப்பக்கம் இருந்தான். பைன் மரங்களிலிருந்து கொம்பன் ஒன்று வெளியே வந்தது. தலையைத் தூக்கினால் கொம்பு முதுகைத் தொட்டது. லோரீனின் மூச்சு நின்று மெல்ல வந்தது. தோட்டாவை உள்ளே தள்ளினாள், பாதுகாப்புப் பூட்டை விலக்கினாள், கன்னத்தைக் கட்டையில் அழுத்தினாள்.

வெண்டல் அந்தக் கன்னத்தைப் பார்த்தான். குளிரில் சிவந்திருந்தது. போல்ட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

“வேண்டாம்!” என்று கத்திவிட்டான். “லோரீன், சுடாதே! விரல எடு!”

கொம்பன் ஒரு தாவில் மரங்களுக்குள் போய்விட்டது. கிளைகள் முறியும் சத்தம் கொஞ்சநேரம் கேட்டு நின்றது. லோரீன் பூட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவன் எல்லாவற்றையும் கொட்டினான், புனல், டப்பா, சர்ச்சுக்கு நேரமானது, எல்லாம்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“ஞாயித்துக்கிழமை.”

“ஞாயித்துக்கிழமை.” அவள் போல்ட்டைத் திறந்து தோட்டாக்களை எடுத்து அவன் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தாள். “மான் போனா போகட்டும் வெண்டல். ஒரு வாரமா என் பக்கத்துல படுத்துட்டு இருந்தியே. அப்ப வராத வாய், நான் கன்னத்த வச்சப்புறம்தான் வந்துச்சா?”

அவன் தோட்டாக்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“போ. மெர்ல்கிட்ட அவன் துப்பாக்கிய வாங்கிட்டு வா. எதுக்குன்னு கேப்பான். நீயே சொல்லு.”

அவன் சரிவில் இறங்கினான். வழியெல்லாம் பொய் தேடினான். போல்ட் சிக்கிக்கொண்டது, தொலைநோக்கி ஆடுகிறது, நாலைந்து நல்ல பொய் கிடைத்தது. மெர்ல் எழுந்து, “சத்தம் கேட்டுச்சு, என்ன ஆச்சு மாப்ள?” என்று கேட்டதும் அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“நான் அடைச்சத நானே நம்பல மச்சான். மருந்து கலந்திருக்கலாம். தெரிஞ்சேதான் அவகிட்ட குடுத்தேன்.”

மெர்ல் சிரிப்பான் என்று நின்றான். திட்டுவான், அடிப்பான் என்றுகூட நினைத்தான். மெர்ல் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்துப்போயிருந்தது. பிறகு தன் ரைபிளையும் சட்டைப்பையிலிருந்த தோட்டாக்களையும் எடுத்து நீட்டினான்.

“இது நான் அடைச்சதில்ல. கடையில வாங்கினது. பழைய சரக்கு” என்றான்.

வெண்டல் மூச்சிரைக்க மேலே ஏறி வந்து அவளிடம் கொடுத்தான். லோரீன் கையுறையைக் கழற்றினாள். முதல் தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் கேப்பைப் பார்த்தாள், கழுத்தை விரலால் தடவினாள், காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள். கடையில் வாங்கினதுதான் என்று சொல்ல வாயெடுத்த வெண்டல், அப்படியே மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.