பன்னிரண்டு சிவப்புக் கோடுகள்

நான்காம் வகுப்புக் கணக்குத் தேர்வில் பதினொரு மதிப்பெண் வாங்கிய அன்று தையல்காரியின் மகள் இரண்டு அங்குலம் குள்ளமானாள். டீச்சர் அவளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தி, மதிப்பெண்ணை மூன்று முறை உரக்கப் படித்திருந்தார். வீட்டுக்கு வந்தபோது பாவாடை தரையைக் கூட்டியது. லாரி ஓட்டும் அப்பா விடைத்தாளைப் பார்த்தார். "உனக்கெல்லாம் படிப்பு ஒரு கேடா?" என்று கத்தினார். அங்கேயே இன்னொரு அங்குலம் குறைந்தது. தையல்காரி அளவு நாடாவை வைத்துப் பார்த்தாள். மூன்று அங்குலம், சந்தேகமே இல்லை. கோபத்தில் தையல்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, விடைத்தாளோடு மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

"பன்னண்டு எடத்துல கோடு போட்டிருக்கீங்களே, எதுல தப்புன்னு ஒரு எடத்துலயாவது எழுதினீங்களா?"

"நாப்பது பிள்ளைங்கம்மா. ஒவ்வொருத்தருக்கும் உட்கார்ந்து எழுத முடியுமா?"

"ஜாக்கெட் சரியில்லன்னு கொண்டு வர்றவகிட்ட, எங்க இறுக்குதுன்னு கேக்காம கிழிச்சுக் கையில குடுத்தா, என் கடைக்கு எவ வருவா? இப்பவே பாருங்க. பாத்துட்டுதான் போவேன்."

டீச்சரும் கோபத்தோடுதான் பேனாவை எடுத்தார். முதல் பெருக்கலில், மேலே ஏற்றிய எண்ணைக் கூட்டாமல் விட்டிருந்தாள் சிறுமி. இரண்டாவதிலும் அதே. பன்னிரண்டிலும் அதே. டீச்சரின் பேனா மெதுவாக நின்றது.

"ஒரே தப்பு," என்றாள் தையல்காரி. "அதுக்கு என் பிள்ளைய பன்னண்டு தடவ அடிச்சிருக்கீங்க."

சிறுமி விடைத்தாளுக்கு மேல் குனிந்தாள். "ஓ, இதைக் கூட்டணுமா?" என்று பேனாவை வாங்கி, அங்கேயே ஒரு கணக்கைப் போட்டு முடித்தாள். நிமிர்ந்தபோது பாவாடையின் கீழே கணுக்கால் தெரிந்தது. டீச்சர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் அந்தக் கோபம் தையல்காரிக்குக் கடைசிவரை ஆறவே இல்லை.

அதன்பின் சிறுமி நிறையத் தோற்றாள். அறிவியலில் தோற்றாள், ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தாள், காகிதம் ஒட்டிப் பறக்கவிட்ட பட்டம் மூன்று முறை மூக்குக் குப்புற விழுந்தது. அப்பா கத்தும்போதெல்லாம், "எங்கே தப்புன்னு காட்டுங்கப்பா" என்று தாளை நீட்டினாள். அவருக்குக் காட்டத் தெரியவில்லை. ஒருநாள் எரிச்சலோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேடினார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. தப்பு அகப்பட்ட ஒவ்வொரு முறையும் அவள் அரை அங்குலம் வளர்ந்தாள். பத்தாம் வகுப்பில் தச்சரை வரவழைத்து வாசல்நிலையை உயர்த்தினார்கள். அக்கம்பக்கத்தார் பல்பு மாற்ற அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

கல்லூரி விண்ணப்பத்தில் உயரம் என்ற கட்டத்தில் 'இன்றைக்கு ஆறடி நான்கு அங்குலம்' என்று எழுதினாள். குமாஸ்தா படித்துப் பார்த்து, முத்திரை குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.