வானத்துக்கு எக்ஸ்ரே எடுக்கிறவள்

ஜன்னத் வாளித் தண்ணீரில் கையை விட்டு இளஞ்சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிரவு இறந்துபோன அம்மா நூர் பீவியைக் குளிப்பாட்டும் பலகையில் கிடத்தியாகிவிட்டது. கதவுக்கு வெளியிலிருந்து கணவன் இர்வான் குரல் கொடுத்தான்.

"உன் தங்கச்சி ஏர்போர்ட்ல வந்து இறங்கிட்டாளாம். பாயான் லெப்பாஸ் ரோட்டுல ஜாம், அவ வர்ற கெரெத்தா நகரல லா. கொஞ்சம் பொறுக்கலாமே?"

"மய்யித்தக் காக்க வைக்கக் கூடாது" என்றாள் ஜன்னத். குளிப்பாட்ட வந்திருந்த மூதாட்டியிடம் திரும்பி, "நீங்க ஆரம்பிங்க பெரியம்மா."

மார்க்கம் சொல்வது அதுதான். ஆனால் மார்க்கத்தின் முதுகுக்குப் பின்னால் தன் பொறாமையும் ஒளிந்து நிற்பது அவளுக்குத் தெரியாமலில்லை. இந்தக் கடைசிக் குளியலாவது சுஹானா வருவதற்குள் முடிந்துவிட வேண்டும்.

படுக்கையில் விழுந்த அம்மாவுக்கு மூன்று வருஷமாகத் தலைவாரி, கஞ்சி ஊட்டியவள் இவள். பேர் வாங்கியதோ ஜப்பானில் விண்வெளி ஆராய்ச்சியில் இருந்த சுஹானா. யார் வந்தாலும் அம்மாவின் விரல் சுவருக்குப் போய்விடும். சுஹானா அனுப்பி அங்கே மாட்டியிருந்த படத்தில் இரண்டு விண்மீன் மண்டலங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டிருந்தன. நடுவே நீலப் புகை.

"என் சின்ன மக வானத்துக்கு எக்ஸ்ரே எடுக்குறா!"

சுஹானா ஒருமுறை போனில் விளக்கியதைக் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்று ஜன்னத்தும் கேட்டாள். மண்டலங்கள் மோதினாலும் நட்சத்திரங்கள் இடித்துக்கொள்வதில்லையாம், விலகிப் போய்விடுமாம். இடையில் கிடக்கும் வாயுதான் மோதிக் கொதிக்குமாம். அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

"ஒரே வீட்டுல ரெண்டு மருமக மாதிரி" என்றாள் அம்மா. சுஹானா அங்கே விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே கஞ்சி ஆறியது.

பிறகு அம்மாவின் நெஞ்சில் நீர் கோத்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் கால் கடுக்க நின்று எக்ஸ்ரே எடுத்து வந்தவள் ஜன்னத். டாக்டர் சொன்னதை அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"சுஹானாவுக்கு அனுப்பு. எக்ஸ்ரேன்னா அவ பாக்கணும்."

அனுப்பினாள். "அம்மா, இதெல்லாம் எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்றபடி கேளுங்க" என்று பதில் வந்தது.

"எவ்ளோ அடக்கம் பாத்தியா!" என்று அம்மா பூரித்துப் போனாள். ஜன்னத்துக்கு வயிறு எரிந்தது. தெரியாது என்று சொன்னதற்கும் பாராட்டா?

குளியல் முடிந்து கூந்தலைத் துவட்டும்போது சுஹானா வந்துவிட்டாள். அழவில்லை. நேராக அம்மாவின் தலைமாட்டில் வந்து நின்றாள். பெண் மய்யித்துக்கு மூன்று பின்னல் போட வேண்டும். ஜன்னத் இரண்டை முடித்துவிட்டு மூன்றாவதை எடுத்தாள்.

"இத நான் பின்றேன்க்கா."

"உனக்குத்தான் பின்னத் தெரியாதே."

"தெரியாதுதான். நான் அம்மாட்ட பேசிட்டு இருக்கும்போதே, 'ஜன்னத் தலைவார வந்துட்டா, வையி'ன்னு போன வச்சிருவாங்க. எப்பவும் அப்படித்தான். எனக்கு எப்படி எரியும் தெரியுமா?"

ஜன்னத் தங்கையின் முகத்தையே பார்த்தாள். பிறகு கூந்தலைக் கொடுத்தாள்.

பின்னல் கோணலாக வந்தது. பாதியிலேயே பிரியத் தொடங்கியது. பெரியம்மா உச்சுக் கொட்டினாள்.

"இது நிக்காதும்மா. அவுத்துட்டு நீயே பின்னிரு ஜன்னத்."

ஜன்னத்தின் கை நீண்டுவிட்டது. அம்மா மட்டும் கண் விழித்தால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு, இந்தக் கோணல் பின்னலைத்தான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாள்.

"இருக்கட்டும் பெரியம்மா" என்றாள். மூன்றையும் தலைக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, வெள்ளைத் துணியின் ஒரு முனையைத் தங்கையிடம் நீட்டினாள்.